சுத்தம் என்ற சொல்: ஹான்ஃபோர்டும் ‘ப்ளூம்’ கவிதைகளும்

கேத்லீன் ஃப்ளெனிகனின் கவிதைத் தொகுப்புக்குப் பெயர் ‘ப்ளூம்’. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு இறகு என்று ஒரு பொருள். புகைபோக்கியிலிருந்து கிளம்பிக் காற்றோடு நீண்டுகொண்டே போகும் புகையையும் அப்படித்தான் சொல்வார்கள். நிலத்தடி நீரை ஆராய்கிறவர்களிடம் கேட்டால் மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார்கள். மண்ணில் இறங்கிய நச்சு நீரோடு சேர்ந்து, நாக்கு மாதிரி நீண்டு, ஆற்றை நோக்கி நகர்வது. ஃப்ளெனிகன் பிறந்து வளர்ந்த ஊரில் புகையும் உண்டு, நிலத்தடி நாக்கும் உண்டு. ஒரு கவிஞருக்கு ஊர் இப்படி ஒரு சொல்லைத் தயாராக எடுத்து வைத்திருப்பது அதிர்ஷ்டமா சாபமா என்று சொல்ல முடியவில்லை.

அந்த ஊர் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள ரிச்லேண்ட். ஹான்ஃபோர்ட் அணு வளாகத்தின் ஊழியர்களுக்காக அரசு எழுப்பிய நகரம். வளர்ந்த பிறகு ஃப்ளெனிகனும் அதே வளாகத்தில் பொறியியலாளராக வேலை பார்த்தார். 2012இல் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் ‘ப்ளூம்’ தொகுப்பை வெளியிட்டது. அதே ஆண்டு அவர் அம்மாநிலத்தின் அரசவைக் கவிஞராக நியமிக்கப்பட்டார்.

இவ்வளவு காலம் கழித்து இத்தொகுப்பைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. 2025 அக்டோபரில், கதிரியக்கக் கழிவைக் கண்ணாடியாக மாற்றும் ஆலை ஹான்ஃபோர்டில் உண்மையான கழிவோடு இயங்கத் தொடங்கியது. 2002இல் கட்ட ஆரம்பித்த ஆலை அது. இருபத்து மூன்று வருடம். இனி எல்லாம் சுத்தமாகிவிடும் என்ற நிம்மதி ஒருபக்கம், இதெல்லாம் கண்துடைப்பு என்ற சலிப்பு இன்னொரு பக்கம். ‘ப்ளூம்’ இந்த இரண்டு பக்கமும் சாயாத புத்தகம். அதனாலேயே இப்போது மறுபடி வாசிக்க வேண்டியதாகிறது.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். 1943இல் அமெரிக்க அரசு கொலம்பியா ஆற்றங்கரையில் சுமார் 600 சதுர மைல் நிலத்தை எடுத்துக்கொண்டது. ஹான்ஃபோர்ட், வைட் ப்ளஃப்ஸ் என்ற ஊர்களின் பழத்தோட்டக்காரர்களும் விவசாயிகளும் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுக்கெல்லாம் முன்பிருந்தே அந்த ஆற்றில் மீன் பிடித்து வாழ்ந்த வானபம் பூர்வகுடிகளும் தங்கள் மீன்பிடி இடங்களை இழந்தார்கள். 1944 செப்டம்பரில் ‘பி’ அணு உலை இயங்கத் தொடங்கியது. 1945 ஆகஸ்ட் 9 அன்று நாகசாகியில் விழுந்த குண்டின் புளூட்டோனியம் இங்கே தயாரானது. போர் முடிந்த பிறகுதான் வேலை பெருகியது. ஆற்றோரம் ஒன்பது உலைகள் வந்தன. 1987இல் கடைசி உலையும் நிறுத்தப்பட்டது. மிஞ்சியது கழிவு. பூமிக்கடியில் 177 தொட்டிகள், அவற்றுக்குள் ஏறத்தாழ 56 மில்லியன் கேலன், அதாவது 200 மில்லியன் லிட்டருக்கும் மேல். அந்தத் தொட்டிகளில் 149 ஒற்றைச் சுவர் கொண்டவை. சில பத்தாண்டுகள் தாங்கினால் போதும் என்று கட்டியவை.

இந்த எண்களை ஃப்ளெனிகன் கவிதைக்குள் கொட்டவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிப்போய் உடம்பில் எவ்வளவு கதிரியக்கம் இருக்கிறது என்று அளக்கும் கருவிக்குள் படுக்க வைத்ததைப் பற்றி ஒரு கவிதை வருகிறது. பிள்ளைக்கு அது பயமில்லை, ஒருவிதப் பெருமை. அதிபர் கென்னடி 1963இல் ஹான்ஃபோர்டுக்கு வந்தபோது கூடிய கூட்டத்தைப் பற்றி ஒரு கவிதை. பள்ளித் தோழியின் அப்பா கதிர்வீச்சினால் நோயுற்று இறந்துபோனதைச் சுற்றியும் கவிதைகள் இருக்கின்றன. தொகுப்பின் உயிர் அந்தத் தோழியின் வீட்டில்தான் இருக்கிறது என்பது என் வாசிப்பு. இரண்டு பிள்ளைகள், இரண்டு அப்பாக்கள், ஒரே முதலாளி. ஒரு அப்பா செத்துப்போகிறார். மற்ற பிள்ளை வளர்ந்து அதே முதலாளியிடம் வேலைக்குப் போகிறாள். இதில் யாரைக் குற்றம் சொல்வது? கவிதை அதைத் தீர்த்து வைக்கவில்லை.

நம் வாசகருக்கு இது புரியாத உலகமில்லை. தோட்டத்து வீடு, தோட்டத்துக் கிளினிக், தோட்டத்துப் பள்ளி என்று எல்லாமே ஒரே கையிலிருந்து வந்த காலத்தைத் தெரிந்தவர்கள் நாம். சோறு போட்ட கையைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னாலே வீட்டுப் பெரியவர்களுக்குக் கோபம் வந்துவிடும். ரிச்லேண்டில் கூலி கூட, வீடு நல்ல வீடு. ஆனால் நன்றிக்கடன் என்ற கயிறு ஒன்றுதான். ரிச்லேண்ட் உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டு அணிகளுக்கு ‘பாம்பர்ஸ்’ என்று பெயர், சின்னம் அணுகுண்டின் காளான் மேகம். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு வயிற்றைக் கலக்கும். உள்ளே இருப்பவர்களுக்கு அது அப்பாவின் உழைப்பு.

அந்த நன்றியில் விரிசல் விழுந்தது 1986இல். அந்த ஆண்டு எரிசக்தித் துறை, பொதுமக்களின் நெருக்குதலால், சுமார் 19,000 பக்க ரகசிய ஆவணங்களை வெளியிட்டது. 1949 டிசம்பரில் ‘கிரீன் ரன்’ என்ற பெயரில், வேண்டுமென்றே, வழக்கமான வடிகட்டல் இல்லாமல் கதிரியக்க அயோடினைக் காற்றில் விட்டிருந்தார்கள் என்று முப்பத்தாறு வருடம் கழித்து ஊருக்குத் தெரிந்தது. புல்லில் படிந்து, மாடு தின்று, பாலில் வந்து, பிள்ளைகளின் தைராய்டு சுரப்பியில் சேர்கிற பொருள் அது.

ஃப்ளெனிகனின் முக்கியமான உத்தி இந்த ஆவணங்களிலிருந்துதான் வருகிறது. அரசு ஆவணங்களில் கறுப்பு மை பூசி மறைத்த வரிகளை அவர் வடிவமாகவே எடுத்துக்கொள்கிறார். பிறருடைய வாசகங்களின் மேல் தானே மை பூசுகிறார். மிஞ்சிய சொற்கள் வேறொன்றைச் சொல்ல ஆரம்பிக்கின்றன. இந்த உத்தி இப்போது பல கவிஞர்களிடம் வெறும் வித்தையாகிவிட்டது. இங்கே அப்படி இல்லை. காரணம், அந்த வளாகத்துக்குள் வேலை பார்த்தவர் எழுதுகிறார். மறைப்பவர்களின் மொழி அவருக்கு அலுவலக மொழி.

அந்த அலுவலக மொழியைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். தொட்டிகள் கூட்டமாகப் புதைந்திருக்கும் இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘தொட்டிப் பண்ணை’. விவசாயியைத் துரத்திய நிலத்தில் பண்ணை! ஒற்றைச் சுவர்த் தொட்டிகளில் 67 ‘கசிந்ததாகக் கருதப்படுபவை’. கசிந்தது என்று சொல்ல மாட்டார்கள், கருதுவார்கள். அவற்றிலிருந்து மண்ணுக்குள் போனது சுமார் ஒரு மில்லியன் கேலன் என்பது அரசின் சொந்த மதிப்பீடு. மூடிய உலைகளைச் சுற்றிக் கான்கிரீட்டும் எஃகும் கொண்டு கூடு கட்டுவதற்குப் பெயர் ‘பட்டுப்புழுக் கூடு’. எழுபத்தைந்து ஆண்டு தாங்கும் கூடு. பட்டுப்புழுக் கூட்டிலிருந்து ஏதாவது வெளியே வரும் என்று நம்புவது இயற்கை. இதிலிருந்து எதுவும் வெளியே வரக் கூடாது என்பதற்காகத்தான் இதைக் கட்டியிருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிற சொல் ‘சுத்தம் செய்தல்’. 1989 மே மாதம் மத்திய எரிசக்தித் துறை, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, வாஷிங்டன் மாநிலம் மூன்றும் ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்து அந்த வளாகத்தின் வேலையே இதுதான் என்று ஆனது. நம்ம மொழியில் சுத்தம் என்றால் என்ன? வீட்டைக் கூட்டினால் குப்பை வெளியே போகும். பாத்திரம் தேய்த்தால் கறை போகும். போகும் என்பதுதான் அதில் முக்கியம். புளூட்டோனியம் பாதியாகக் குறையவே 24,000 ஆண்டு ஆகும். அது எங்க போகும்? ஹான்ஃபோர்டில் நடப்பதைச் சரியாகச் சொன்னால், ஓட்டைப் பாத்திரத்தில் இருப்பதை நல்ல பாத்திரத்துக்கு மாத்தறாங்க. ஆத்தங்கரையில் இருப்பதை மேட்டுக்குக் கொண்டுபோறாங்க. தண்ணியா இருப்பதைக் கண்ணாடியா ஆக்குறாங்க. அதன் பிறகு பாத்துக்கணும். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று சொல்வதால் அது சின்ன வேலை என்று ஆகிவிடாது. முற்போக்கு வாசகர்கள் பலர் இந்த இடத்தில் சறுக்குவதைப் பார்க்கிறேன். சுத்தம் சாத்தியமில்லை என்றால் எல்லாமே ஏமாற்று என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மை அப்படி இல்லை. ஒன்பது உலைகளில் ஏழு மூடிக் கூடு கட்டப்பட்டாயிற்று. பழைய தொட்டிகளிலிருந்து இறைக்க முடிந்த திரவத்தைப் பெரும்பாலும் இறைத்து இரட்டைச் சுவர்த் தொட்டிகளுக்கு மாற்றிவிட்டார்கள். ஆற்றுக்கு மிக அருகே குளங்களில் கிடந்த கதிரியக்கச் சேற்றை 2019இல் அங்கிருந்து அகற்றினார்கள். நிலத்தடி நீரை ஆண்டுக்கு 2 பில்லியன் கேலனுக்கு மேல் இறைத்து, குரோமியம் முதலிய நச்சுகளைப் பிரித்துவிட்டுத் திரும்ப மண்ணுக்குள் விடுகிறார்கள். சால்மன் மீன்கள் முட்டையிடும் ஆற்றுப்பகுதி அது. இந்த ஒவ்வொன்றுக்கும் பின்னால் முகமூடியும் கவச உடையும் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன ஆட்கள் இருக்கிறார்கள். தொட்டிகளிலிருந்து எழும் ஆவியால் உடம்பு கெட்டது என்று புகார் சொன்னவர்களும் அவர்களில் உண்டு.

அதே நேரத்தில் கணக்கின் மறுபக்கம். ‘சி’ பண்ணையின் 16 தொட்டிகளைக் காலிசெய்யவே பத்தாண்டுக்கு மேல் ஆனது, 2017இல்தான் முடிந்தது. அதே 2017 மே மாதம், கதிரியக்கக் கழிவு ஏற்றிய ரயில் பெட்டிகளை வைத்து மூடியிருந்த சுரங்கப்பாதை ஒன்றின் கூரை இடிந்து விழுந்தது. இரட்டைச் சுவர்த் தொட்டிகளிலும் ஒன்று உள்ளே கசிவது 2012இல் உறுதியானது. 2021இல் இன்னொரு பழைய தொட்டி கசிவதாக அறிவித்தார்கள். மிச்சமிருக்கும் மொத்த வேலைக்கு 323 பில்லியனிலிருந்து 677 பில்லியன் டாலர் வரை ஆகலாம் என்று 2019இல் எரிசக்தித் துறை கணக்குச் சொன்னது. குறைந்த கணக்குக்கும் கூடிய கணக்குக்கும் நடுவே 350 பில்லியன் இடைவெளி! எவ்வளவு ஆகும் என்பதே யாருக்கும் பிடிபடவில்லை என்பதற்கு அந்த இடைவெளியே சாட்சி.

கண்ணாடி ஆலைக்கும் இதே நிலைதான். தொட்டிக்கழிவில் கதிரியக்கம் குறைந்த பகுதியைக் கண்ணாடிப் பொருட்களோடு கலந்து 1,150 டிகிரி செல்சியஸில் உருக்கி, எஃகுக் கலன்களில் ஊற்றி, வளாகத்துக்குள்ளேயே புதைக்கப் போகிறார்கள். இப்போது தொடங்கியிருப்பது அது மட்டும். கதிரியக்கம் மிகுந்த பகுதிக்கான ஆலை இன்னும் கட்டி முடியவில்லை. கட்டி முடித்துக் கண்ணாடியாக்கினாலும் கொண்டுபோய் வைக்க இடமில்லை. நெவாடாவின் யூக்கா மலையை 1987இல் தேர்ந்தெடுத்தார்கள். எதிர்ப்பு வந்து, ஒபாமா காலத்தில் பணத்தை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதில் இன்னொரு மலையை அமெரிக்கா இதுவரை கண்டுபிடிக்கவில்லை.

இன்னொரு கேள்வி பொறியியல் சார்ந்ததே இல்லை. எவ்வளவு சுத்தம் போதும்? தொழிற்சாலை கட்டப்போகிற நிலம் என்றால் ஓரளவு போதும் என்கிறது விதி. மீன் பிடித்து, கிழங்கு தோண்டிச் சாப்பிட்டு வாழ்கிற ஆள் அங்கே இருப்பார் என்று எடுத்துக்கொண்டால் அளவு மாறிவிடும். 1855 ஒப்பந்தத்தின்படி தங்களுக்கு அந்த நிலத்தில் மீன்பிடிக்கவும் கிழங்கு சேகரிக்கவும் உரிமை உண்டு என்று யகாமா மக்கள் சொல்லி வருகிறார்கள். ஆக, சுத்தம் என்பதன் அளவைத் தீர்மானிப்பது அந்த நிலத்தில் நாம் யாரைக் கற்பனை செய்கிறோம் என்பதுதான்.

இங்கேதான் ‘ப்ளூம்’ தொகுப்பின் எல்லையும் தெரிகிறது. ஃப்ளெனிகனின் கண் பெரும்பாலும் ரிச்லேண்டின் வேலிக்குள் நிற்கிறது. ஏமாற்றப்பட்ட விசுவாசம்தான் அவருடைய துயரம். விசுவாசமாக இருக்க வாய்ப்பே தரப்படாதவர்களின் துயரம் அதற்குள் அடங்காது. வரலாற்றாசிரியர் கேட் பிரவுன் 2013இல் எழுதிய ‘ப்ளுட்டோபியா’ அந்த வேலியை வெளியிலிருந்து பார்க்கிறது. ரிச்லேண்டையும் சோவியத் யூனியனின் ஓசர்ஸ்க்கையும் அடுத்தடுத்து வைத்து, இரண்டு எதிரி நாடுகளும் ஒரே மாதிரி ஊரைக் கட்டியதைக் காட்டுகிறார். நல்ல வீடு, நல்ல சம்பளம், நிறைந்த கடைகள். பதிலுக்குக் கேள்வி கேட்கிற உரிமையையும் உடம்பின் மீதான உரிமையையும் விட்டுக்கொடுத்தார்கள் என்பது அவருடைய வாதம். ஆபத்தான, தற்காலிக வேலைகளைச் செய்தவர்களுக்கு அந்த வீடுகள் கிடைக்கவில்லை. ஹான்ஃபோர்டைக் கட்டிய கறுப்பினத் தொழிலாளர்கள் ரிச்லேண்டில் குடியிருக்க முடியாமல் பக்கத்து ஊரான பாஸ்கோவில் ஒதுக்கப்பட்டார்கள்.

ஐரீன் லுஸ்டிக் 2023இல் இயக்கிய ‘ரிச்லேண்ட்’ ஆவணப்படம் இந்த இரண்டு பார்வைகளுக்கும் நடுவில் நிற்கிறது. ஊர்க்காரர்களைக் கேலி செய்யாமல் பேச விடுகிறது. காளான் மேகச் சின்னத்தை வைத்துக்கொள்ளலாமா என்று மாணவர்கள் பேசிக்கொள்கிறார்கள். ஹிரோஷிமாவில் தப்பியவர்களின் பேத்தியான யுகியோ கவானோ, தன் பாட்டியின் கிமோனோ துணியால் தைத்த அணுகுண்டு வடிவத்தோடு அந்த ஊருக்கு வருகிறார். குண்டு செய்தவர்களின் பிள்ளைகள் ‘ப்ளூம்’ தொகுப்பில் பேசினார்கள், குண்டு விழுந்தவர்களின் பேத்தி இங்கே வந்து நிற்கிறார். இரண்டையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் ஹான்ஃபோர்டைப் பாதிதான் பார்த்ததாக ஆகும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஹான்ஃபோர்டின் அயோடினுக்கும் அங்கு வளர்ந்தவர்களின் தைராய்டு நோய்க்கும் தொடர்பு இருக்கிறதா என்று ஆராய்ந்த பெரிய ஆய்வு 2002இல் முடிந்தது. கதிர்வீச்சு கூடக்கூட நோய் கூடியதற்கான சான்று இல்லை என்றது. பாதிக்கப்பட்டோம் என்று சொன்னவர்கள் அதை ஏற்கவில்லை. கவிதையை ஆதாரமாகக் கொண்டுவந்து இந்த வழக்கில் வாதாட முடியாது, ஃப்ளெனிகன் அதைச் செய்யவுமில்லை. அவர் காட்டுவது வேறு. முப்பத்தாறு வருடம் பொய் சொன்னவர்கள் பிறகு உண்மையே சொன்னாலும் நம்ப ஆள் இருக்காது. தொட்டியின் கசிவை அளக்கக் கருவி இருக்கிறது. நம்பிக்கை கசிந்ததை அளப்பது இலக்கியத்தின் வேலையாக வந்து சேர்ந்திருக்கிறது.

மலேசியாவில் இருந்துகொண்டு ஹான்ஃபோர்டை வாசிக்கிறவர் புக்கிட் மேராவைத் தாண்டிப் போக முடியாது. அளவில் இரண்டுக்கும் ஒப்பீடே இல்லை. அங்கே அணுகுண்டு, இங்கே தொலைக்காட்சிப் பெட்டிக்கும் மற்றதுக்கும் வேண்டிய அரிய மண் தாதுக்கள். ஆனால் கதையின் போக்கு பழகியது. ஈயச் சுரங்கங்களின் மிச்ச மணலிலிருந்து தாதுவைப் பிரித்தெடுத்த ஏசியன் ரேர் எர்த் ஆலை, தோரியம் கலந்த கழிவை ஈப்போவுக்குப் பக்கத்திலேயே விட்டது. மக்கள் 1985இல் வழக்குப் போட்டார்கள். 1992இல் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள், 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். தோற்ற அடுத்த மாதமே ஆலை தானாக மூடிக்கொண்டது. பிறகு கழிவை கிளேடாங் மலைத்தொடரில் புதைக்கும் வேலை பல ஆண்டுகள் நடந்தது. அதற்கு 100 மில்லியன் அமெரிக்க டாலர் செலவு என்று 2011இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியபோது, அது சத்தமில்லாமல் நடந்துவந்த வேலை என்றும் சேர்த்தே எழுதியது.

சத்தமில்லாமல் என்பதுதான் உறுத்துகிறது. தோரியம் பாதியாகக் குறைய 1,400 கோடி ஆண்டு வேண்டும். மலைக்குள் இருப்பதை யாராவது பாத்துக்கிட்டே இருக்கணும். பாத்துக்கணும் என்றால் அங்கே என்ன இருக்கிறது என்று அடுத்த தலைமுறைக்குத் தெரிய வேண்டும். கெபெங்கில் லைனாஸ் ஆலை வந்தபோது எழுந்த எதிர்ப்பில் புக்கிட் மேரா என்ற பெயர் திரும்பத் திரும்ப ஒலித்தது. ஞாபகம் வேலை செய்ததற்கு அது ஒரு நல்ல உதாரணம். ஆனால் போராட்டம் ஓய்ந்ததும் ஞாபகமும் ஓய்ந்துவிடும். அதைத் தாங்கிப் பிடிக்க எழுத்து வேண்டும். அந்த ஆலையில் கூலிக்கு நின்றவர், வழக்கின்போது பேருந்து பிடித்து ஈப்போ நீதிமன்றத்துக்குப் போனவர், அந்தப் பக்கம் நிலம் வாங்கி வீடு கட்டியவர் என்று ஒரு தொகுப்புக்கு வேண்டிய மனிதர்கள் பேராவில் இருக்கிறார்கள்.

‘ப்ளூம்’ மாபெரும் கவிதைத் தொகுப்பு என்று நான் சொல்ல மாட்டேன். சில கவிதைகள் தகவலைத் தாண்டி எழவில்லை. சில, குழந்தைப் பருவத்தின் இனிப்பில் கொஞ்சம் அதிகமாகவே தங்கிவிடுகின்றன. ஆனால் தன் ஊரை நேசித்துக்கொண்டே அதன் பொய்யை எழுதுவது சுலபமில்லை. ஊரை வெறுத்துவிட்டால் எழுதுவது எளிது, நேசித்துவிட்டு வாயை மூடிக்கொள்வது அதைவிட எளிது. ஃப்ளெனிகன் இரண்டையும் செய்யவில்லை. ஆலை ஒருநாள் எல்லாக் கழிவையும் கண்ணாடியாக்கி முடித்தாலும், அந்தக் கலன்களில் என்ன இருக்கிறது, அது எப்படி அங்கே வந்தது, யார் எதை மறைத்தார்கள் என்று சொல்ல ஒரு புத்தகம் வேண்டியிருக்கும். ரிச்லேண்டுக்கு அது கிடைத்திருக்கிறது.